நான் ஒன்றும் சொல்லவில்லையே

அந்த மேலாளர் யாருக்கும் விடுப்பு மறுத்ததே இல்லை. இதை அவரே பெருமையாகச் சொல்வார். உண்மையும்கூட. விடுப்புக் கடிதத்தை நீட்டினால் வாங்கிக்கொள்வார். படிக்க மாட்டார். மேசைமேல் வைத்து, அதன் தலையில் ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட்டைத் தூக்கி வைப்பார். பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாம் நின்றுகொண்டிருப்போம். நிற்க நிற்க, கேட்கக்கூடாத எதையோ கேட்டுவிட்டோம் என்று நமக்கே தோன்றும். இரண்டு மூன்று நிமிடம் போனபின், "பரவால்ல சார், அடுத்த வாரம் பாத்துக்கறேன்" என்று நாமே சொல்லி, பேப்பர் வெயிட்டை நாமே நகர்த்தி, கடிதத்தை உருவிக்கொண்டு வெளியே வருவோம். அண்ணன் மகள் காதுகுத்துக்கு நான் போகாதது இப்படித்தான். வீட்டில் கேட்டபோது "லீவு குடுக்கல" என்றேன். அது பொய். லீவு கொடுக்க மாட்டேன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

பதினாறு வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பேப்பர் வெயிட் என் நினைவில் கிடக்கிறது. ஒரு சொல்கூடச் சொல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு ஆணையிட முடியுமா, முடிந்தால் அந்த ஆணைக்கு யார் பொறுப்பு, இட்டவரா, புரிந்துகொண்டவரா? இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அந்த மேசையின் முன்னால் நின்றுதான் எடுத்தேன்.

நான் குருசுக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்துகொண்டே போனால் பூ வளைந்த பால்கனிகளும் மஞ்சள் சுவர்களும் ஓரிடத்தில் முடியும். அங்கே எங்கள் ஊர் ஆரம்பிக்கும். எனக்கு விவரம் தெரிந்தபோது எங்களுக்கும் மணல் இருந்தது. 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகம் கட்டினார்கள். வடக்கு நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே நின்றுபோனது. எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்றது. கருங்கல்லைக் கொட்டினார்கள். கட்டுமரத்தை இழுத்துப் போட இடமில்லாத ஒரு மீனவக் குப்பம் என்ன செய்யும்? எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் பலர் பத்து நிமிடம் தெற்கே நடந்து, அந்த மஞ்சள் சுவர்களுக்குள் வேலைக்குப் போனோம். சிலர் வீட்டு வேலைக்கு, சிலர் துணிக்கடைக்கு. நான் பத்தாவதுக்குமேல் கொஞ்சம் படித்திருந்ததால் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசைக்கு.

அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். முகம் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "விலைய கேக்கறவங்க வாயப் பாக்காத, கண்ணு எந்தக் கூடைக்குப் போவுதுன்னு பாரு" என்பார். வஞ்சிரத்தைக் காட்டி விலை கேட்டுக்கொண்டே சங்கராவைப் பார்ப்பவரிடம் சங்கராவின் விலையில் ஒரு பைசா இறங்க மாட்டார். ஆனால் வாங்க வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெயில் ஏறி, ஐஸ் உருகி, அம்மாவின் முகத்தில் அவசரம் தெரிகிற நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். இவர் அவர்களைப் படிப்பார், அவர்கள் இவரைப் படிப்பார்கள். ஒத்துவராவிட்டால் அவர்கள் அடுத்த கூடைக்குப் போவார்கள், இவர் "போயேன்" என்பார். வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது, அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்த கலையில் பாதிதான் அங்கே செல்லுபடியாகும் என்று. நான் அவர்களைப் படிக்கவேண்டும். அவர்கள் என்னைப் படிக்கவேண்டிய தேவை இல்லை.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பள்ளியில் படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். ஒன்று 71ஆம் அதிகாரம், பொருட்பாலில், அமைச்சர்களுக்கானது. இன்னொன்று 110ஆம் அதிகாரம், காமத்துப்பாலில், காதலர்களுக்கானது. வாய் சொல்லாததை முகத்திலும் கண்ணிலும் அறிவது என்னும் ஒரே திறனை வள்ளுவர் அரண்மனையிலும் வைத்திருக்கிறார், காதலிலும் வைத்திருக்கிறார். தலைப்பு ஒன்றுதான். உள்ளே நடப்பது ஒன்றல்ல. காதலில் பார்வை போகிறது, திரும்பி வருகிறது. அவளும் பார்க்கிறாள், அவனும் பார்க்கிறான். அமைச்சனின் அதிகாரத்திலோ, அரசன் வாய் திறக்குமுன் அவன் மனத்தைத் தெரிந்துகொள்பவனுக்குப் புகழ் குவிகிறது. அப்படி ஒருவன் கிடைத்தால் எதைக் கொடுத்தாவது வைத்துக்கொள் என்று அரசனுக்கு அறிவுரை. அமைச்சனின் முகத்தை அரசன் பார்த்து நடக்கவேண்டும் என்று அங்கே எதிர்பார்ப்பில்லை. எந்த அலுவலகத்திலும் அதுதானே நிலவரம். 'அவ ரொம்ப குறிப்பறிஞ்சு நடந்துக்குவா' என்று ஒரு பெண்ணைப் புகழும்போது அந்த வீட்டில், அந்தக் கடையில், யாருக்கோ வாய் திறக்கும் சிரமம் மிச்சமாகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

'பெண்களுக்கு உள்ளுணர்வு அதிகம்' என்பதும் இந்த வகைப் புகழ்ச்சிதான். 1985இல் சாரா ஸ்னாட்கிராஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆட்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவரைக் கற்பிப்பவராகவும் மற்றவரைக் கற்பவராகவும் வைத்தார். எதிராளி தன்னைப்பற்றி என்ன நினைக்கிறார் என்பதைக் கீழ்ப்படியில் இருந்தவர்களே அதிகம் உணர்ந்தார்கள். ஆணா பெண்ணா என்பதைவிட எந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதே முக்கியமாக இருந்தது. ஆக, நம் உள்ளுணர்வு கருப்பையிலிருந்து வருவதில்லை. சம்பளம் யார் கையில் இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வருகிறது. மாமியார் முகத்தைப் பார்த்துப் பழகிய மருமகளிடம் கேட்டிருந்தால் ஆய்வுக்கூடம் இல்லாமலே சொல்லியிருப்பாள்.

விடுதியில் எங்களுக்கு ஒருமுறை பயிற்சி வகுப்பு நடந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். மனிதத் தொடர்பில் சொற்களின் பங்கு வெறும் 7 விழுக்காடு, குரல் 38, முகமும் உடலும் 55 என்று பலகையில் எழுதினார். எல்லோரும் குறித்துக்கொண்டோம். பல வருடம் கழித்துத்தான் அந்தக் கணக்கின் கதையைப் படித்தேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்பவர் 1967இல் செய்த இரண்டு சிறு சோதனைகளிலிருந்து வந்தது அது. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர்களை ஊகிக்கச் சொன்னார். உணர்ச்சியும் மனப்பாங்கும் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே பின்னாளில் விளக்கிச் சொல்லவேண்டி வந்தது. சம்பள உயர்வு எத்தனை ரூபாய் என்பதை 93 விழுக்காடு முகத்தால் சொல்லிவிட முடியுமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், 'புன்னகையோடு கேளுங்கள்' என்றிருப்பார். வகுப்பின் மீதி நேரம் முழுக்க எங்களுக்குப் புன்னகைக்கத்தான் சொல்லிக்கொடுத்தார். எத்தனை பல் தெரியவேண்டும் என்பது வரை. எங்கள் மேலாளருக்கு அந்த வகுப்பு இல்லை.

விமானப் பணிப்பெண்களின் இந்தச் சம்பளப் புன்னகைக்கு ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. எனக்கு அதில் சேர்க்க ஒன்றுதான் உண்டு. என் முகம் எப்போதும் ஏதாவது சொல்லியாகவேண்டும். சும்மா இருந்தால் "மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?" என்ற கேள்வி வரும். அவர் முகம் எதுவும் சொல்லாமல் இருக்கலாம். அதுவே ஒரு ஆணையாகிவிடும்.

சட்டம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி, அரசின் திட்டமொன்றில் ஊழியராக இருந்து குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். அதன் தொடர்ச்சியாக வந்த விசாகா வழக்கில் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலும், பின்னர் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பாலியல் தொல்லை என்பதன் வரையறையில் உடலால், சொல்லால் செய்யப்படுவதோடு சொல்லின்றிச் செய்யப்படும் நடத்தையும் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பது, மார்பைப் பார்த்தே பேசும் ஒருவரின் கீழ் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். "அவன் உன்ன தொட்டானா? ஏதாவது சொன்னானா?" என்ற வீட்டுக் கேள்விக்கு எதிரே, தொடவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம் என்று நாடாளுமன்றமே எழுதி வைத்தது. ஆனால் பாலியல் தன்மையுள்ள நடத்தைக்குத்தான் அந்தக் காப்பு. பேப்பர் வெயிட் அதற்குள் வராது. வரவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. சட்டம் நுழைய முடியாத இடத்தில்தான் நியாயம் என்ற ஒன்று தேவைப்படுகிறது.

இப்போது நான் என் பக்கத்தைச் சொல்லவேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் எழுதுவதற்குச் சுலபமாக இருந்தது.

வேறொரு விடுதிக்கு மாறினேன். சில வருடங்களில் அங்கே அறைப் பராமரிப்பு முழுக்க என் பொறுப்பானது. பதினொரு பெண்கள். பாதிப்பேர் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள், என்னை அக்கா என்று கூப்பிடுபவர்கள். நான் அந்த மேலாளரைப்போல் இருக்கக் கூடாது என்று உறுதியோடுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். குரல் உயர்த்தியதில்லை. யாரையும் வாடி போடி என்றதில்லை.

ஒரு டிசம்பர் 31. புதுச்சேரியில் அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரும் சென்னையும் வந்து இறங்கியிருக்கும். பதினொரு மணிக்குக் காலியான அறைகளில் ஒரு மணிக்கு ஆள் வந்து நிற்பார்கள். மதியம் ஒன்றரை இருக்கும். ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். மூன்று வயதுப் பையனுக்கு நேற்றிரவிலிருந்து காய்ச்சல், மாமியார் போன் பண்ணினார், கொஞ்சம் முன்னால் கிளம்பலாமா என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். 'கெளம்பட்டுமாக்கா' என்று அவள் முடித்தாளா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. நான் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் சாவிகள் தொங்கும் பலகையைப் பார்த்தேன். ஆறு அறைகள் பாக்கி. ஒரு மூச்சு விட்டிருப்பேன். திரும்பியபோது அவள் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு விரிப்புகளை எடுத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மாமியார் பக்கத்து வீட்டுப் பையனின் வண்டியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எல்லைப்பிள்ளைச்சாவடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிள்ளை பிழைத்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதனால் இதைக் கதையாக எழுத முடிகிறது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் நின்று, "நான் அனுப்பியிருக்கணும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னாக்கா பண்ணீங்க? நீங்க ஒண்ணும் சொல்லலையே."

அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருந்தேன். பழைய விடுதியில் ஒருமுறை, விடுப்பே தருவதில்லை என்ற புகார் முதலாளிவரை போய் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அந்த மேலாளர் இரண்டு கையையும் விரித்து இதையேதான் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லையே. அவர் அதைக் கேடயமாகப் பிடித்தார். இவள் அதே கேடயத்தை எடுத்து வந்து, அழுது வீங்கிய கண்ணோடு, என் கையில் கொடுத்தாள். நான் எனக்காகத் தயாரித்திருக்கவேண்டிய பொய்யைக்கூட என் முகத்தைப் படித்து அவளே செய்து கொடுத்துவிட்டாள். குறிப்பறிதலின் உச்சம் என்றால் இதுதான்.

நண்பர்களிடம் சொன்னபோது ஆறுதலாக ஒன்று சொன்னார்கள். முகம் நம் கட்டுப்பாட்டில் இருப்பதா? களைப்பில் ஒரு மூச்சு விட்டாய், அதை அவள் அப்படி எடுத்துக்கொண்டாள். ஒருவர் புருவம் அசைவதற்கெல்லாம் பொறுப்பேற்கச் சொன்னால் மேலதிகாரிகள் முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வரவேண்டும். இதில் நியாயம் இருக்கிறது. நெடுநாள் நானும் இதில் சாய்ந்து கிடந்தேன். பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். சாவிப் பலகையைப் பார்த்தது குற்றமில்லை. ஆறு அறைகள் பாக்கி இருந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நொடி இருந்தது. அவள் "சரிக்கா" என்றாள், நான் கேட்டேன். எதற்குச் 'சரி'? நான் எதுவும் சொல்லாதபோது அவள் எதற்கு ஒப்புக்கொண்டாள்? அவள் என்னைப் படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது, படித்தது எனக்கு வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். அவள் படியேறும் சத்தம் இருபது படிக்குக் கேட்டது. "ஏய், நில்லு, என்ன சொல்ல வந்த?" என்று கூப்பிட அந்த இருபது படி போதும். தவறு கண்ணில் நடக்கவில்லை, அந்த இருபது படியில் நடந்தது.

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசித்தான் ஆகவேண்டும் என்று நான் வாதாடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொல்லாமல் செய்யும் நல்லதும் உண்டு. மாதவிடாய் நாளில் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளிவிடும் ஒரு வயதான காவலாளி இருந்தார். அவர் அதைச் சொல்லிச் செய்திருந்தால் நான் கூசிப்போயிருப்பேன். இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் தறியின் இரைச்சலில் எதுவும் கேட்காது என்பதால் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொண்டார்கள், மேற்பார்வையாளரின் காதுக்கு எட்டாமல். எங்கள் விடுதியிலும் 'ஆள் வர்றாரு' என்பதற்கு ஒரு கண்சாடை இருந்தது. இவையெல்லாம் சமமானவர்களுக்கிடையே ஓடும் பாஷை. புரியவில்லை என்றால் 'இன்னா?' என்று திருப்பிக் கேட்கலாம். மேலாளரின் மௌனத்தைப் பார்த்து 'இன்னா?' என்று கேட்க முடிவதில்லை. அந்தக் கேள்விக்கு இடமிருக்கிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல்.

இந்த ஊரில் மௌனத்தை வாய்ச்சொல்லாக மாற்றுவதற்கு விலை கொடுத்த வரலாறும் உண்டு. 1936 ஜூலை 30 அன்று, சவானா ஆலையில் போராடிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் அவர்கள் கேட்டவற்றில் இருந்தன. மறு ஆண்டே அவை கைக்கு வந்தன. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறார்கள். எட்டு மணி நேரம் என்பது எண். அதை மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018இல் சட்டத் திருத்தம் வாங்கினார்கள். 2021இல் தமிழ்நாடும் கடைகளில் இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. அதற்குமுன் எந்தக் கடையிலும் 'உட்காராதே' என்று பலகை தொங்கியதாக நான் பார்த்ததில்லை. நாற்காலி இருக்காது, அவ்வளவுதான். ஒன்றும் சொல்லவில்லையே.

இப்போது என் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், ஏன். மூன்று பத்தி. 'இல்லை' என்று எழுதவேண்டிய நாட்களில் அந்தச் சொல்லை முதலில் வாயால் சொல்லவேண்டும், அவள் முகத்தைப் பார்த்து. எனக்கு இன்னும் அது வரவில்லை. தொண்டையில் சிக்குகிறது. சாவிப் பலகை பக்கம் கண் போகிறது, இழுத்துக்கொண்டு வருகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது, வைத்திக்குப்பம், தோழி கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கேட்டாள். சீசன். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாக்கா," என்றாள், "இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் போயி பாத்ரூம் கழுவணும்."

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். சனிக்கிழமை ராத்திரி வரவேற்புக்காவது போகிறேன், ஆறு மணிக்கு விடவேண்டும் என்றாள். நோட்டில் அதையும் எழுதினோம்.